நம்பகம் எவர் உடைமை?

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீண்டு கிடக்கும் தொழிற்பேட்டைகளில் நாள்தோறும் ஆளப்படும் சொற்களுள் 'நம்பகத்தன்மை' என்பது ஒன்று. அங்குச் செய்யப்படும் மகிழுந்துக்கு நம்பகத்தன்மை ஆய்வு உண்டு, கைப்பேசிக்கு உண்டு, குளிர்பதனப் பெட்டிக்கும் உண்டு. பொருளைச் சூட்டில் வைத்துப் பார்க்கின்றனர். குளிரில் வைத்துப் பார்க்கின்றனர். குலுக்கியும் வீழ்த்தியும் பார்க்கின்றனர். அத்துணை ஆய்வுக்கும் ஈடுகொடுத்த பின்னரே அப்பொருள் தேறியது என்று ஒப்பமிடுகின்றனர்.

அப்பொருளைச் செய்த கையோ ஒரு தமிழ்ப்பெண்ணின் கை. விழுப்புரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்து, விடுதியில் தங்கி, விடியுமுன் நிறுமத்தின் பேருந்தில் ஏறி, நாள் முழுதும் நின்றபடியே பணிசெய்யும் கை அது. அவள் வாய் திறந்து, "விடுதியில் இட்ட சோறு கெட்டிருந்தது" என்று சொல்லட்டும். அச்சொல்லைச் சூட்டில் வைத்துப் பார்ப்பாரும் இல்லை. குளிரில் வைத்துப் பார்ப்பாரும் இல்லை. ஆராயுமுன்னரே அதற்கு நம்பகத்தன்மை இல்லை என்று முடிவு கட்டப்பெறுகின்றது. பொறிக்குத் தேர்வு, பெண்ணுக்குத் தீர்ப்பு! தமிழகத்தில், தமிழர் நிலத்தில், தமிழர் உழைப்பால் எழுந்த தொழிற்பேட்டையின் நிலை இது.

இந்நிலைக்குப் பல கரணியங்கள் உண்டு. முதலாளியமும் அரசின் பாராமுகமும் சாதியும் வறுமையும் அவற்றுள் அடங்கும். அவற்றோடு சேர்த்து எண்ணப்படாத கரணியம் ஒன்றும் உண்டு. அது சொல். எவர் கூற்று நம்பத்தக்கது, எவர் கூற்று தள்ளத்தக்கது என்பதை வரையறுக்கும் சொல்லையே தமிழர் கடன் வாங்கியுள்ளனர். கடன் வாங்கிய சொல்லுடன் கடன் கொடுத்தவனின் கண்ணும் சேர்ந்து வந்துவிட்டது.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பு

ஆங்கிலத்தில் 'கிரெடிபிள்' என்பது நம்பத்தக்க என்னும் பொருளது. கூற்றுக்கும் வரும், ஆளுக்கும் வரும், அச்சுறுத்தலுக்கும் வரும். அணுப்படைக்கலம் பற்றி இந்திய அரசு 2003-ஆம் ஆண்டு வெளியிட்ட கொள்கையிலும் இச்சொல் உண்டு. பகைவன் நம்பி அஞ்சும் அளவுக்குக் குண்டு வேண்டும் என்பது அதன் கருத்து.

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியின் 'கிரெதேரே' என்னும் வினை. நம்புதல், நம்பி ஒப்படைத்தல் என்பன அதன் பொருள்கள். நெஞ்சை ஒன்றன்மேல் வைத்தல் என்பதே அதன் அடிக்கருத்து என்பர் மொழிநூலார். வடமொழியின் 'சிரத்தா' என்பதும் அதே கொடியில் பூத்தது என்பர். அவ்வேரினின்றே சமயக் கோட்பாட்டைக் குறிக்கும் 'கிரீடு' வந்தது. கடனைக் குறிக்கும் 'கிரெடிட்'டும் வந்தது. ஆகவே ஆங்கிலேயனின் நம்பிக்கைக்கு இரண்டு தூண்கள்: ஒன்று கோயில், மற்றொன்று வட்டிக்கடை. கோயிலில் ஆராயாமல் நம்ப வேண்டும். வட்டிக்கடையில் உடைமை உள்ளவனையே நம்ப வேண்டும். உடைமை இல்லாதவளின் சொல்லுக்கு அங்கே கடனும் இல்லை, நம்பகமும் இல்லை.

இது வெறும் சொல்விளையாட்டு அன்று. சட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 1872-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இயற்றிய இந்தியச் சான்றுச் சட்டத்தின் 155-ஆம் பிரிவு, சான்று சொல்வாரின் 'கிரெடிட்'டைத் தகர்க்கும் வழிகளை அடுக்கியது. வன்புணர்ச்சி வழக்கில் முறையிட்ட பெண் பொதுவாக ஒழுக்கங்கெட்டவள் என்று காட்டலாம் என்பது அவ்வழிகளுள் ஒன்று. நடந்த கொடுமை மெய்யா பொய்யா என்று தேடுவதை விடுத்து, முறையிட்டவள் எத்தகையவள் என்று தேடுக என்றது அச்சட்டம். அவ்வுட்பிரிவு 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் நீக்கப்பெற்றது. வெள்ளையன் போய் ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆகியும் அவன் சொல் போகவில்லை. நூற்று முப்பது ஆண்டுகள் அது பெண்ணின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

பிடியாணை இன்றி ஒருவரைக் காவலர் பிடித்தற்கு 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு காட்டிய கரணியங்களுள் 'கிரெடிபிள்' ஆன செய்தி கிடைத்தலும் ஒன்று. 2024 சூலை 1 முதல் வடமொழிப் பெயர் சூட்டிய புதிய சட்டம் அதனிடத்திற்கு வந்தது. பெயர் வடமொழியாயிற்று, 35-ஆம் பிரிவில் அதே ஆங்கிலச் சொல் அப்படியே அமர்ந்திருக்கின்றது. நம்புபவர் எவர்? காவலர். எதைக் கொண்டு நம்புவார்? அதைச் சொல் சொல்லவில்லை.

இச்சொல்லின் எதிர்மறையான 'இன்கிரெடிபிள்' என்பதன் கதை இன்னும் வேடிக்கையானது. நம்பமுடியாத என்பது அதன் நேர்ப்பொருள். நாளடைவில் வியக்கத்தக்க என்னும் பொருளும் அதற்கு ஏறியது. இந்திய அரசின் சுற்றுலாத் துறை 2002-ஆம் ஆண்டு 'இன்கிரெடிபிள் இந்தியா' என்று உலகெங்கும் பறையறைந்தது. நேர்ப்பொருள் கொண்டால், இந்தியாவை நம்பாதீர் என்று இந்திய அரசே செய்த விளம்பரம் அது! தமிழ்ப் புலவர் ஒருவர் எழுதியிருந்தால் குறும்பு என்பர். தில்லி எழுதியதால் பெருமை என்றனர்.

ஒரே துணியில் நான்கு சட்டை

இவ்வாங்கிலச் சொல்லைத் தமிழ்ச் செய்தித்தாள்களும் அலுவலகங்களும் 'நம்பகத்தன்மை' என்று பெயர்த்தன. நம்பகம் என்பதே பண்பைக் குறித்து நிற்கும்; அதன்மேல் 'தன்மை'யையும் ஏற்றியது, குடைமேல் குடை பிடித்தது போன்றது. அது சிறு குற்றம். பெருங்குற்றம் வேறு. வெவ்வேறான நான்கு கருத்துகளுக்கு இவ்வொரு சொல்லையே வெட்டித் தைத்துவிட்டனர்.

முதலாவது, கூற்று நம்புதற்குத் தகுதியாய் இருத்தல். ஆங்கிலத்தின் 'கிரெடிபிள்' இதுவே. இரண்டாவது, கேட்ட மாத்திரத்தில் பொருந்துவதுபோல் தோன்றுதல். அதை ஆங்கிலேயர் 'பிளாசிபிள்' என்பர். இலத்தீனில் கைதட்டுதற்குரியது என்பதே அச்சொல்லின் பழம்பொருள். கைதட்டல் பெறுவதெல்லாம் மெய்யாகிவிடாது. ஆதலின் அச்சொல்லுக்குள் ஓர் எச்சரிக்கையும் ஒளிந்துள்ளது. மூன்றாவது, பலகாலும் பிழையாது பணிசெய்தல். அது 'ரிலையபிள்', பொறிக்கு உரியது. நான்காவது, போலியாகாது மூலமேயாய் இருத்தல். அதற்கு மெய்ம்மை என்பதே போதும்.

தமிழில் இந்நான்கையும் எளிதிற் பிரிக்கலாம். முதலாவதற்குத் தேறத்தக்க அல்லது நம்பத்தக்க என்க. இரண்டாவதற்குப் பொருந்தத் தோன்றும் என்க. மூன்றாவதற்குப் பிழையாமை அல்லது உழைப்புறுதி என்க. நான்காவதற்கு மெய்ம்மை என்க. எதையும் ஆராயாது நம்புவாரின் குணத்தை ஆங்கிலேயர் 'கிரெடுலிட்டி' என்பர். அதற்கு ஏமாளித்தனம் என்ற நாட்டுச் சொல்லே உண்டு. இவ்வளவு வளம் இருந்தும் எல்லாவற்றையும் 'நம்பகத்தன்மை' என்னும் ஒற்றைச் சாக்கில் கட்டியதால் விளைந்தது என்ன? பொறியின் பிழையாமையும் பெண்ணின் வாய்மையும் ஒரே பட்டியலில் ஏறின. பொறி பேசாது, ஆதலின் அதற்கு மதிப்பெண் மிகுதி. பெண் பேசுவாள், ஆதலின் அவளுக்கு மதிப்பெண் குறைவு.

செய்தித்தாள்களின் வழக்கு மற்றொன்று: 'நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவித்தன.' வட்டாரம் எங்ஙனம் வாய் திறக்கும்? நம்பத்தகுந்தவை என்று அவற்றைத் தேர்ந்தவர் எவர்? இலக்கண முறையில் நோக்கினும் இத்தொடரின் கள்ளம் வெளிப்படும். நம்புதல் என்னும் வினைக்கு எழுவாய் வேண்டும். 'நம்பத்தகுந்த' என்றவுடன் எழுவாய் மறைந்து போகின்றது. நம்புபவன் ஒளிந்துகொள்கின்றான், நம்பப்படுவது மட்டும் மேடையில் நிற்கின்றது. ஆளுவோர்க்கு இதனினும் உதவும் சொல் வேறு கிடைக்குமா?

தேர்தல் முன்னர், தேறல் பின்னர்

தமிழில் 'நம்பு' என்னும் சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. தொல்காப்பியர் உரியியலில் அதற்கு நசை என்று பொருள் கூறினார். நசையாவது விருப்பம். விரும்பியதை மெய்யெனக் கொள்ளல் மாந்தர் இயல்பு. ஆதலின் விருப்பத்தைக் குறித்த சொல் பின்னர் நம்பிக்கையைக் குறிக்க வந்ததில் வியப்பில்லை. ஆனால் தமிழன் அச்சொல்லோடு நின்றுவிடவில்லை. ஆராய்ந்து துணிந்து கொள்ளும் நம்பிக்கைக்குத் தெளிதல் என்றும் தேறுதல் என்றும் தனிச்சொற்கள் வைத்தான். நெஞ்சு நம்பும், அறிவு தேறும்.

திருக்குறளின் 51-ஆம் அதிகாரத்திற்குப் பெயர் 'தெரிந்து தெளிதல்'. பெயரிலேயே முறை அடங்கியுள்ளது: தெரிதல் முன், தெளிதல் பின். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கினாலும் ஒருவனை ஆராய்ந்து பார்க்கச் சொன்னார் வள்ளுவர். ஒருவனது பெருமைக்கும் சிறுமைக்கும் அவன் செயலே உரைகல் என்றார். ஆராயாமல் நம்புதலும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுதலும் தீராத துன்பம் தரும் என்றும் முடித்தார். உடை, மொழி, பதவி ஆகியவற்றை உரைகல்லாக வைக்கவில்லை அவர். இவ்வுரைகல் ஆளும் கூட்டத்துக்கும் பொருந்தும், ஆளப்படும் கூட்டத்துக்கும் பொருந்தும்.

அவ்வறத்தை மறந்த அரசன் கதையே சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம். அரண்மனைப் பொற்கொல்லன் ஒரு செய்தி கொண்டுவந்தான். அரசனை அணுகும் உரிமை அவனுக்கு இருந்தது. கதையும் பொருந்தத் தோன்றியது. கோவலன் அயலூரான், அவனுக்காகப் பேச எவரும் இல்லை. பாண்டியன் தேராது நம்பினான், தலை விழுந்தது. அதன்பின் தனியொரு பெண் வாயிலில் வந்து நின்றாள். அவளுக்கு அந்நாட்டில் பதவியும் இல்லை, பக்கத்துணையும் இல்லை. கையில் ஒற்றைச் சிலம்பு இருந்தது. அரசியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம் என்று அவள் உடைத்துக் காட்டினாள். ஆராயாத அரசன் என்றே அவனை முகத்துக்கு நேரே விளித்தாள். அவனும் தன் பிழை உணர்ந்து அக்கணமே உயிர் நீத்தான்.

பொற்கொல்லன் கூற்று 'பிளாசிபிள்'. கண்ணகி கூற்று 'கிரெடிபிள்'. இவ்விரண்டன் வேறுபாட்டை ஆங்கில அகரமுதலியில் தேடி இளைஞர் இளைக்கின்றனர். தமிழன் அதைக் காப்பியமாகவே எழுதி வைத்தான்.

சுங்குவார்சத்திரத்து இரவு

இனி, நிகழ்ந்த ஒன்றைக் காண்க. 2021 திசம்பர் நடுவில், ஆப்பிள் கைப்பேசிகளைச் செய்யும் பாக்சுகான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த பூவிருந்தவல்லிப் பக்கத்து விடுதியொன்றில் உணவு நஞ்சாயிற்று. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையிற் சேர்க்கப்பெற்றனர். அவர்களுள் சிலர் இறந்துவிட்டனர் என்று ஒரு புரளி எழுந்தது. திசம்பர் 17 இரவு, ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். எவரும் இறக்கவில்லை என்று அலுவலர் கூறினர். கூற்று மெய்தான், எவரும் இறந்திலர். ஆயினும் அம்மெய்யை அப்பெண்கள் நெடுநேரம் ஏற்கவில்லை. மறுநாள் வரை சாலை திறக்கவில்லை. தொழிலாளப் பெண்கள் பலர் பிடித்து வைக்கப்பெற்றனர்; புரளி பரப்பினர் என்று சிலர்மேல் வழக்குகளும் வந்தன.

அப்போது பலர் கூறியது இது: 'சிந்திக்கத் தெரியாத பெண்கள், எவனோ சொன்னதை நம்பிவிட்டனர்.' அஃதாவது ஏமாளித்தனம். இக்கூற்றைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும். புரளி பொய் என்பதில் ஐயமில்லை. பொய்யைப் பரப்பியவர் குற்றத்தை மூடி மறைக்கவும் வேண்டா. ஆனால் மெய்யைச் சொன்ன வாயை அப்பெண்கள் ஏன் நம்பவில்லை? ஓர் அறையில் ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை தங்கியிருந்ததையும், கழிப்பறையில் தண்ணீர் இல்லாததையும் தொழிலாளர் செய்தியாளரிடம் பின்னர்க் கூறினர். அவர்கள் படுத்த தரையும், உண்ட தட்டும் அவர்களுக்குச் சான்றாக இருந்தன. நலமாக இருக்கின்றது என்று நாள்தோறும் கேட்ட சொல்லுக்கும், கண்ணாற் கண்ட வாழ்வுக்கும் பொருத்தம் இல்லை. பல நாள் பொருந்தாத வாய், ஒரு நாள் மெய்யே சொன்னாலும் எடுபடாது. நம்பகத்தை இழந்தவர் சாலையில் அமர்ந்தவர் அல்லர்.

பின்னர் நிகழ்ந்ததை நோக்குக. உணவுப் பாதுகாப்பு அலுவலர் அவ்விடுதியின் அடுக்களையை ஆய்ந்தபோது எலிகளும், ஒழுங்கற்ற கழிவுநீர் வடிகாலும் காணப்பெற்றன. தனித் தணிக்கையரை அனுப்பிப் பார்த்த ஆப்பிள் நிறுமம், தொழிலாளர் தங்குமிடங்கள் சிலவும் உணவுக்கூடங்கள் சிலவும் தன் அளவுகோலுக்கு ஒத்துவரவில்லை என்று திசம்பர் 29 அன்று கூறித் தொழிற்சாலையைக் கண்காணிப்பில் வைத்தது. பாக்சுகானும் தன் உள்ளூர் மேலாண்மையை மாற்றியமைப்பதாகக் கூறியது. மூடிய தொழிற்சாலை 2022 சனவரி 12 அன்றே மீண்டும் திறந்தது.

பெண்கள் சொன்னது என்ன? உணவு கெட்டது, இடம் கெட்டது. தணிக்கையர் கண்டது என்ன? உணவுக்கூடம் ஒவ்வாது, இடம் ஒவ்வாது. பொருள் ஒன்றே. தமிழ்ப்பெண்ணின் வாயில் அது 'புகார்'. தணிக்கையரின் ஆங்கிலத் தாளில் அதே பொருள் 'கண்டுபிடிப்பு'. நஞ்சுண்டவளுக்குத் தன் வயிற்றைப் பற்றித் தெரியாதாம். அவள் வயிற்றைப் பற்றி வேறொருவர் வேறொரு மொழியில் எழுதினால்தான் உலகுக்குத் தெரியுமாம்! இதனினும் கொடிய மொழியடிமைத்தனம் உண்டோ?

நன்மை நிகழ்ந்தவிடத்து அதையும் சொல்வதே முறை. 2024 ஆகத்து 17 அன்று வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட பெண் தொழிலாளர் குடியிருப்பைத் தமிழக அரசு திறந்தது. ரூ. 706.50 கோடி செலவில் எழுந்த கட்டடம் அது. வள்ளுவர் கூறிய உரைகல் செயலே ஆதலின், இதை வரவேற்கலாம். ஆனால் அக்கட்டடம் எழுதற்கு முன்னர்ப் பெண்கள் நஞ்சுண்டு நெடுஞ்சாலையில் அமர வேண்டியிருந்ததை மறத்தல் ஆகாது. அவர்கள் சொல்லைத் தொடக்கத்திலேயே தேர்ந்திருந்தால் அவ்விரவே வந்திராது.

கேட்பதும் பார்ப்பதும்

இஃதொன்றே நிகழ்ந்ததென எண்ண வேண்டா. 2021 மே திங்களில், கொரோனாக் கொள்ளைநோய் உச்சத்தில் நின்ற காலை, ஒரகடத்து இரெனோ–நிசான் மகிழுந்துத் தொழிற்சாலையில் இடைவெளி காக்கப்படவில்லை என்று தொழிலாளர் சங்கம் சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. நிறுமம் அதை மறுத்தது. இரு கூற்றுகள் எதிரெதிர் நின்றன. நீதிமன்றம் அலுவலரை நேரிற் சென்று பார்க்கப் பணித்தது. அதுவே முறை! எவர் பெரியவர் என்று பாராது, எது நடந்தது என்று சென்று பார்த்தல். தேர்தல் என்பதன் பொருள் இதுதான். நீதிமன்றம் வரை போகாமலே இது நிகழ வேண்டும் என்பதே தமிழர் கேட்பது.

2024 செட்டம்பர் 9 அன்று திருப்பெரும்புதூர்ச் சாம்சங்கு தொழிற்சாலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்து அத்தோபர் 15 அன்று முடிந்தது. கூலியும் பணிநேரமும் கேட்கப்பட்டன. ஆயினும் போராட்டத்தின் நெஞ்சு, தம் சங்கத்தைச் சங்கமாக ஏற்க வேண்டும் என்பதே. இடையில் ஓர் உடன்பாடு ஆயிற்று என்று அறிவிப்பு வந்தது. போராடியோர் அதை ஏற்கவில்லை. கோரிக்கைகளுக்கு எழுத்தில் மறுமொழி தருவதாக நிறுமம் இசைந்த பின்னரே போராட்டம் ஓய்ந்தது. 2025 சனவரி 27 அன்று சங்கமும் பதிவாயிற்று. வாய்ச்சொல்லை நம்பி வந்தவன், எழுத்தைக் கேட்கக் கற்றுக்கொண்டான். கற்றுக்கொடுத்தது இத்தொழிற்பேட்டையின் பட்டறிவு. 2006-இல் பெருஞ்சலுகைகளோடு வரவேற்கப்பெற்ற நோக்கியாத் தொழிற்சாலை, 2014 நவம்பர் 1 அன்று கைப்பேசி செய்தலை நிறுத்தியது. நிலையான வாழ்வென நம்பி வந்த பல்லாயிரவர் வாயிலுக்கு வெளியே நின்றனர். நிறுமத்துக்கு அரசு முன்கூட்டியே கொடுத்தது 'கிரெடிட்'. தொழிலாளிக்கு இறுதியில் கிடைத்தது வெறுங்கை.

கடல் கடந்த சான்று

இச்சொல்லின் கொடுமையைத் திருப்பெரும்புதூர் மட்டும் சுமக்கவில்லை. ஈழத்தமிழர் இதைக் குருதியிற் கற்றனர். 2009-ஆம் ஆண்டுப் போரின் இறுதி பற்றி ஒன்றிய நாடுகள் அவையின் பொதுச்செயலர் அமர்த்திய வல்லுநர் குழு, 2011-ஆம் ஆண்டு தன் அறிக்கையை அளித்தது. போர்க்குற்றங்கள் நிகழ்ந்தன என்னும் 'கிரெடிபிள்' ஆன குற்றச்சாட்டுகள் உள்ளன என்றது அவ்வறிக்கை. பொதுமக்கள் நாற்பதினாயிரம் பேர் வரை இறந்திருக்கலாம் என்னும் மதிப்பீட்டைக் கூறியபோதும் 'கிரெடிபிள்' மூலங்கள் என்றே எழுதியது. நம்பத்தக்கவை என்று உலகமே ஒப்புக்கொண்டது. அதன்பின்? 2015 அத்தோபர் 1 அன்று மாந்தவுரிமை அவை நிறைவேற்றிய தீர்மானமும் 'கிரெடிபிள்' ஆன நெறிமுறை ஒன்றைப் பேசியது. 2020-இல் இலங்கை அரசு அத்தீர்மானத்துக்கு அளித்த உடன்பாட்டையே விலக்கிக்கொண்டது.

நம்பத்தக்கது என்பதோடு நின்றுவிட்டால் நேர்வது இதுதான். நம்பத்தக்கது என்பது பாதி வழி. நம்பத்தக்க கூற்றை எடுத்து ஆராய்ந்து, தேறித் தீர்ப்பு வழங்குதல் மீதி வழி. பாதி வழியில் நிற்றற்கு ஆங்கிலச் சொல் இடம் தருகின்றது. தேற்றம் என்னும் தமிழ்ச்சொல் இடம் தராது. தேற்றம் என்றால் ஐயம் நீங்கிய துணிவு. ஐயம் நீங்கும்வரை உறங்கக் கூடாது என்பதே அதன் கட்டளை.

மறுப்பாரும் மறுமொழியும்

'சொல்லை மாற்றினால் சோறு கெடாதிருக்குமா?' என்று கேட்பார் உளர். சொல் சோறாக்காது, அது உண்மையே. ஆனால் கெட்ட சோற்றைப் பற்றிய முறையீடு எந்தத் தாளில், எந்த மொழியில், எந்தச் சொல்லால் எழுதப்படுகின்றது என்பதே, மறுநாளும் அதே சோறு வருமா வராதா என்பதை முடிவு செய்கின்றது. 'வயிறு எரிந்து இரவெல்லாம் கக்கினேன்' என்று ஒரு பெண் கூற, மேற்பார்வையாளர் தம் ஆங்கிலத் தாளில் 'உடல்நலக் குறைவு' என்னும் பொருள்பட இரண்டு சொல் எழுதினால், சோறு அத்தாளிலிருந்து மறைந்துவிட்டது அன்றோ? பெயர்ப்பில் மறைந்தது சொல் அன்று, சான்று.

'அப்படியானால் பெண்கள் ஆங்கிலம் கற்கட்டும்' என்பார் வேறு சிலர். கற்கட்டும், எம்மொழியைக் கற்பதும் குற்றம் அன்று. ஆனால் தன் நாட்டில், தன் வயிற்றுநோயைச் சொல்லவும் அயல்மொழி கற்க வேண்டும் என்பது எந்நாட்டு முறை? சப்பானியத் தொழிலாளி தன் நாட்டில் சப்பானிய மொழியிலன்றோ முறையிடுகின்றான். கொரியத் தொழிலாளி கொரிய மொழியிலன்றோ பேசுகின்றான். அந்நாட்டு நிறுமங்கள் ஈண்டு வந்தால் மட்டும் தமிழச்சி ஆங்கிலத்தில் நோக வேண்டுமா?

சட்டமும் இதை முற்றிலும் அறியாதது அன்று. நிலையாணைகளைப் பெரும்பாலான தொழிலாளர்க்குப் புரியும் மொழியிலும் எழுதி வாயிலருகே வைக்க வேண்டும் என்று 1946-ஆம் ஆண்டுச் சட்டமே விதித்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் அறிவிப்புகளுக்கு அவ்வாறே விதித்தது. ஆனால் இவையெல்லாம் மேலிருந்து கீழே வரும் சொல்லுக்கு மட்டுமே. முதலாளி சொல்வது தொழிலாளிக்குப் புரிய வேண்டும் என்றனர். தொழிலாளி சொல்வது அவள் சொன்னபடியே மேலே போக வேண்டும் என்று எவரும் எழுதவில்லை. கட்டளைக்குத் தமிழ் உண்டு. முறையீட்டுக்குத் தமிழ் இல்லை. உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் 2006-ஆம் ஆண்டு நிறைவேற்றிய தீர்மானத்தையும் தில்லி ஏற்கவில்லை. கீழே தொழிற்சாலை, மேலே நீதிமன்றம். இரண்டு வாயிலிலும் தமிழ் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நிற்கின்றது.

செய்ய வேண்டுவன

தமிழுணர்வாளர் இதில் செய்யத்தக்கவை எளியவை. செய்யாதிருத்தற்கு மறைப்பு எதுவும் இல்லை.

ஒன்று: தொழிலாளரின் முறையீடு எதுவாயினும், அவர் சொன்ன சொல்லிலேயே தமிழில் எழுதப்பெற்று, அவருக்கே படித்துக் காட்டப்பெற்று, அதன் படி ஒன்று அவர் கையிலும் தரப்பெற வேண்டும். தமக்குப் புரியாத தாளில் கையொப்பமிட வேண்டா என்று ஒவ்வொரு விடுதியிலும் ஒவ்வொரு பேருந்திலும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இரண்டு: ஆய்வறிக்கை, தணிக்கை அறிக்கை எதுவாயினும் அதன் முடிவு தமிழில் வெளியாக வேண்டும். எவளுடைய வயிற்றைப் பற்றிய அறிக்கையோ அவள் அதைப் படிக்க முடிய வேண்டும்.

மூன்று: செய்தி எழுதுவோர் 'நம்பத்தகுந்த' என்று எழுதும்போதெல்லாம், நம்புபவர் எவர், எதனால் நம்பினார் என்பதையும் எழுத வேண்டும். எழுத இயலாவிடின் அச்சொல்லை விட்டுவிட வேண்டும்.

நான்கு: ஆசிரியரும் எழுத்தாளரும் 'நம்பகத்தன்மை' என்னும் ஒற்றைச் சாக்கை அவிழ்த்து, பொறிக்குப் பிழையாமை, கதைக்குப் பொருந்தத் தோன்றல், ஆவணத்துக்கு மெய்ம்மை, மாந்தர் கூற்றுக்குத் தேற்றம் என்று பிரித்து ஆள வேண்டும். வகுப்பறையில் இன்று பிரித்துக் கற்ற பிள்ளை, நாளை அலுவலகத்தில் பிரித்து எழுதும்.

ஒரகடத்து நெடுஞ்சாலையில் விடியுமுன் பேருந்துகள் வரிசையாய் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் அரைத்தூக்கத்தில் தலைசாய்ந்த பெண்கள். அவர்கள் செய்யும் பொருளை உலகம் முழுதும் ஐயுறாமல் வாங்குகின்றது. அவர்கள் கைக்கு உலகம் தந்த நம்பிக்கையை அவர்கள் வாய்க்குத் தமிழ்நாடு தரவில்லை. கண்ணகியின் சிலம்பு உடைந்தபின் உண்மை உணர்ந்த பாண்டியனுக்கு உயிர் விடுமளவுக்கேனும் நாணம் இருந்தது. இன்றைய ஆள்வோரிடம் உயிரைக் கேட்பாரில்லை, செவியைத்தான் கேட்கின்றனர். தேர்க, தேறுக, அதன்பின் தீர்ப்புரைக்க!